மணி அடிக்காத இரண்டு காலைகள்

மார்ச் முதல் வாரத்தில் எங்கள் மலையோர ஊரான ஆல்ட்டன்வைலருக்கு யாரும் வருவதில்லை. கார்னிவல் முடிந்திருக்கும், ஈஸ்டர் வந்திருக்காது. மேலே மூன்று கோட்டைகளும் ஈரப் பனியில் நின்றுகொண்டிருக்கும், அண்ணாந்து பார்க்க ஆளில்லாமல். எண்ணூறு வருடமாக நிற்கிறவை. ஒரு மாதம் யாரும் பார்க்காவிட்டால் அவற்றுக்கு ஒன்றும் ஆகிவிடாது. நமக்குத்தான் மனசு கேட்காது. யாரும் வராத காலம் என்பதால் அன்று சுற்றுலா அலுவலகத்தின் கதவு திறந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த லெயோனி தபால்காரர் என்று நினைத்து நிமிரக்கூட இல்லை.

வந்தவள் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். பெயர் சிகோலென் மார்ஷால். வடக்கே லீல் நகரத்திலிருந்து இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் மாறி வந்திருந்தாள்.

"ஆகஸ்ட்ல அம்மாவோட ஒரு வாரம் தங்கணும்," என்றாள். "ஆனா ஒரே ஒரு அறைதான் வேணும். அது எந்த வீட்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது."

லெயோனியின் கண்கள் விரிந்தன. இடம் கேட்டு வருகிறவர்களுக்குக் காலியான அறையைக் காட்டுவது அவள் வேலை. காணாமல் போன அறையைத் தேடச் சொல்லி யாரும் வந்ததில்லை. "அத்தான், கேட்டீங்களா?" என்று ஹீட்டர் பக்கம் திரும்பினாள்.

ஹீட்டரை ஒட்டிய நாற்காலியில் செய்தித்தாளை மடித்து வைத்தார் ஆர்போகாஸ்ட் வென்ட்லிங். லெயோனியுடைய கணவனின் அண்ணன். முப்பத்தைந்து வருடம் இந்த மலையில் வனக்காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மரம் திருடியவனைக் காலடித் தடம் பார்த்தே வீட்டு வாசலில் போய்ப் பிடித்திருக்கிறார். ஊரில் எது தொலைந்தாலும் இன்றைக்கும் அவரிடம்தான் வருவார்கள். பேச்சு மெதுவாகத்தான் வரும். லெயோனி அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

"உக்காருங்க மேடம். நிதானமா சொல்லுங்க," என்றார்.

சிகோலெனின் தாய் யுகெத்துக்கு எழுபத்து மூன்று வயது. பார்வை நடுவிலிருந்து மங்கிக்கொண்டு வருகிறது. இந்தக் கோடைக்கு மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கல்யாணமான புதுசுல, எழுபத்து நாலாம் வருஷ ஈஸ்டருக்கு அம்மாவும் அப்பாவும் இங்க ஒரு வாரம் தங்கினாங்க. காலைல ஜன்னலைத் திறந்தா மூணு கோட்டையும் வரிசையா நிக்குமாம். அப்பா வாரம் பூரா படமா எடுத்துத் தள்ளியிருக்கார். ஊருக்குப் போய்ப் பாத்தா கேமராவுல ஃபிலிமே போடல."

லெயோனி சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க, அப்பாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் போய் நாலு வருஷமாச்சு. அம்மா கண்ணுல இருக்கிறதுதான் ஒரே படம். அந்தக் கண்ணு போறதுக்குள்ள அதே ஜன்னல்ல நின்னு ஒரு தடவை பாக்கணுமாம். வேற ஜன்னல் வேண்டாம்கிறாங்க. வீட்டுப் பேர் ஞாபகம் இல்ல. ஜன்னலுக்கு நீல நிற மரக்கதவு, அவ்வளவுதான்."

அப்போது மேல்கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. சிகோலென் பேச்சை நிறுத்திக் காத்திருந்தாள். "இங்க கேக்கிறது ஒண்ணுமே இல்ல மேடம்," என்றாள் லெயோனி. "எங்க வீடு அதுக்கு நேர் எதிர்ல. அடிக்கும்போது அலமாரியில கிளாஸெல்லாம் ஆடும். பொறந்ததுலேர்ந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காதே மரத்துப்போச்சு." பேசிக்கொண்டே ஆணியில் தொங்கிய சிவப்புக் கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். கார்னிவலுக்கு வருடாவருடம் போடுகிற தொப்பி; இன்னும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. "வாங்க, நீலக் கதவுன்னா பொன்மான் விடுதிதான். வேற எது?"

பொன்மான் விடுதி கீழ்ச் சதுக்கத்தில், புராட்டஸ்டண்டுகளின் கீழ்க்கோயிலோடு சுவர் ஒட்டி இருக்கிறது. ஜன்னல்களுக்கு நீலக் கதவுகள்; மூன்று கோட்டைகளும் தெரியும். உரிமையாளர் சும்ஸ்டேக் கதையைக் கேட்டதும் இரண்டு கையையும் விரித்தார்.

"மார்ஷால் தம்பதியா? ஏழாம் நம்பர் அறை! எங்கப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். அந்த ஈஸ்டர் காலைல உங்கப்பா ஜன்னல்ல பூத்து வழியற ஜெரேனியத்துக்கு மேல குனிஞ்சு, கோட்டைக்குக் குட்மார்னிங் சொல்வாராம். ஆகஸ்ட்ல அந்த அறையை உங்களுக்குன்னே எடுத்து வைக்கிறேன்."

சிகோலெனின் கண் கலங்கிவிட்டது. லெயோனி பதிவுப் படிவத்தை அங்கேயே எடுத்தாள். ஆர்போகாஸ்ட் மட்டும் வெளியே போய், ஜன்னல்களுக்குக் கீழே காலியாகக் கிடந்த பூத்தொட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"படிவம் நாளைக்கு இருக்கட்டும். முதல்ல உங்க அம்மாகிட்ட நான் பேசணும்," என்றார் திரும்பி வந்து.

அலுவலகத்தில் லெயோனி தொப்பியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருக்க, அவர் மூலையில் நின்று லீலுக்குப் பேசினார். மறுமுனையில் குரல் கணீரென்று இருந்தது.

"கண்ணுதான் போகுது, வாய் நல்லா இருக்கு. கேளுங்க."

"காலைல எதனால முழிப்பு வரும் மேடம்?"

"அதை ஏன் கேக்கறீங்க. ஆறு மணிக்குக் கோயில் மணி. கட்டிலே நடுங்கும். அது நின்னு பத்து நிமிஷத்துல வீட்டுக்காரர் காபி கொண்டாந்துடுவார், மூச்சு வாங்கிக்கிட்டு, ஷூவெல்லாம் ஈரமா. நடுவுல ரெண்டு நாள் மட்டும் மணியே அடிக்கல. நாங்க நல்லாத் தூங்கிட்டோம். ஜன்னலுக்குக் கீழ கடகடன்னு ஏதோ மரச் சத்தம், அதுலதான் முழிச்சோம். அந்த ரெண்டு நாளும் அவர் வீட்டுச் செருப்போட ஆற அமர வந்தார்."

"அறைக்கு நம்பர்?"

"நம்பரா? கதவுல கொக்கியே சரியா இல்ல. சந்து வழியா ஒரு குட்டிப் பொண்ணு எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பா. என்னை இல்ல, என் தொப்பியை. கிளம்பற அன்னிக்கு அவ தலையிலயே வச்சுட்டு வந்துட்டேன். மூக்கு வரைக்கும் இறங்கிடுச்சு, பாவம்."

ஆர்போகாஸ்ட் ஆணிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "ரொம்ப நன்றி மேடம்," என்று ஃபோனை வைத்தார்.

மறுநாள் காலை பொன்மானின் சாப்பாட்டு அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ஆர்போகாஸ்ட் நிதானமாகக் காபியில் சர்க்கரையைக் கலக்கினார். லெயோனிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"சும்ஸ்டேக், உன் பூத்தொட்டியெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"இதென்ன கேள்வி? மார்ச் மாசம். பனிப் புனிதர்கள் திருநாள் மே பாதில. அது தாண்டாம ஜெரேனியத்தை வெளிய வச்சா ஒரே ராத்திரி உறைபனில கருகிடும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து..." சும்ஸ்டேக் நிறுத்தினார். கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனார்.

"அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் பாதில," என்றார் ஆர்போகாஸ்ட் அமைதியாக. "உங்கப்பா வச்சிருக்க மாட்டார். ஊர்ல யாருமே வச்சிருக்க மாட்டாங்க."

"அப்போ இவர் சொன்னது பொய்யா?" சிகோலென் எழுந்துவிட்டாள்.

"முப்பது வருஷமா கோடைல வர்றவங்ககிட்ட ஜெரேனியம், கோட்டைன்னு சொல்லிச் சொல்லி வாய் தானா போயிடுச்சு மேடம்," என்றார் சும்ஸ்டேக். குரல் இறங்கியிருந்தது. "அவங்க இங்கதான் தங்கியிருக்கணும்னு எனக்கு ஆசை. தப்புத்தான்."

லெயோனிக்குப் பொறுக்கவில்லை. "அப்போ எங்க தங்கினாங்க அத்தான்? பதினோரு வீட்ல நீலக் கதவு இருக்கு. பதினொண்ணையும் இன்னிக்கே போய்த் தட்டிடறேன்."

"தட்ட வேண்டாம். ரெண்டு நாள் காலைல மணி அடிக்கல. எந்தக் கோயில்?"

"மேல்கோயில்," என்றாள் அவள் உடனே. "கத்தோலிக்கக் கோயில்லதான் புனித வெள்ளிக்கும் மறுநாளுக்கும் மணி அடிக்காது. அதுக்குப் பதிலா பிள்ளைங்க மரக் கிலுக்கைச் சுத்திக்கிட்டுத் தெருத்தெருவா போவாங்க. இங்க கீழ்க்கோயில்ல சனிக்கிழமை வழக்கம்போல அடிச்சுடும்."

"ஆக, கட்டில் நடுங்கற அளவுக்கு மேல்கோயில் பக்கத்து வீடு. அங்க விடுதி எதுவும் கிடையாது. ஆனா அந்தக் காலத்துல ஈஸ்டருக்கு விடுதி நிறைஞ்சா, வந்தவங்களை வீடுகள்ல தங்க வைப்பாங்க. சரி, இந்த வீட்டுக்காரருக்கு மணி நின்ன பிறகுதான் காபி போட நேரம் வருது. மூச்சு வாங்குது, ஷூ ஈரம். மணி அடிக்காத ரெண்டு நாள் மட்டும் வீட்டுச் செருப்பு. மணிக்கு மோட்டார் வர்றதுக்கு முன்னால அதைக் கயிறு பிடிச்சு இழுத்தது யாரு லெயோனி?"

லெயோனி பதில் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. ஊரறிந்த வாயாடி அவள். அவள் பாதியில் நின்றது அன்றைக்குத்தான்.

"எங்கப்பா," என்றாள் கடைசியில். "ஆனா அத்தான், எங்க வீட்டு ஜன்னல் கதவு பச்சை."

"போன வருஷம் பெயிண்ட் அடிச்சப்போ நான்தான் ஏணி பிடிச்சேன். கீல் பின்னால நீ அடிக்காம விட்ட இடத்துல நீலம் இருக்கு. சோம்பேறித்தனத்துலயும் ஒரு லாபம். உனக்கு அப்ப மூணு வயசு. அந்தச் சிவப்புத் தொப்பி உனக்கு யார் கொடுத்தது?"

"யாரோ அத்தை கொடுத்ததுன்னு அம்மா..." தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "அது இப்ப நான் படுக்கிற அறை அத்தான். தினமும் அந்த ஜன்னலைத்தான் திறக்கிறேன்."

சிகோலென் மேசையைச் சுற்றி வந்து அவள் தோளில் கை வைத்தாள். "ஆகஸ்ட்ல எங்களுக்கு அந்த அறையைத் தருவீங்களா?"

"தரமாட்டா," என்றார் ஆர்போகாஸ்ட்.

இரண்டு பெண்களும் அவரை முறைத்தார்கள்.

"கோயில் முன்னாடி பெரிய லிண்டன் மரம் நிக்குது. அம்மா வந்தப்போ அது கிடையாது, பிறகு வச்சது. ஆகஸ்ட்ல இலை அடர்ந்து ரெண்டு கோட்டையை முழுசா மறைச்சுடும். அவ்வளவு தூரம் வந்து ஒரு கோட்டையைப் பாத்துட்டுப் போகணுமா? அது ஏப்ரல் கடைசிலதான் துளிர்க்கும். ஈஸ்டருக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. கிளை மொட்டையா இருக்கும்போதே கூட்டிட்டு வாங்க. கண்ணும் ஆகஸ்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

"லீவு ஆகஸ்ட்லதான் போட்டிருக்கேன்," என்று தொடங்கிய சிகோலென் தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. மாத்திக்கிறேன். தரலேன்னா சண்டை போட்டு வாங்கறேன்."

அவர்கள் வந்தார்கள். சும்ஸ்டேக் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மேட்டுத் தெரு முழுக்க ஏறினார். மண் அச்சில் சுட்ட ஆட்டுக்குட்டி வடிவ ஈஸ்டர் கேக்கையும் கொண்டுவந்து வைத்தார். லெயோனியும் கணவனும் சமையலறையில் பாய் மெத்தை போட்டுப் படுத்தார்கள். அவள் அப்பா அம்மாவும் எழுபத்து நாலில் அங்கேதான் படுத்திருப்பார்கள்.

சனிக்கிழமை காலை மணி அடிக்கவில்லை. தெருவில் கடகடவென்று கிலுக்குச் சத்தம் போனது. யுகெத் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "இதேதான்," என்றாள் மகளிடம்.

பிறகு எழுந்து, யாரையும் பிடிக்காமல் ஜன்னல் வரை நடந்து, மரக்கதவுகளைத் தானே தள்ளினாள். நேராகப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால்தான் பார்க்க வேண்டும். அப்படியே பார்த்தாள். காபித் தட்டோடு வந்த லெயோனி வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் ஆர்போகாஸ்ட் நின்றார்.

"ஒண்ணு," என்றாள் யுகெத். "ரெண்டு." வெகு நேரம் தேடினாள். சிகோலென் கையை நீட்டப் போனாள். "காட்டாதே. அவர் எனக்குக் காட்டினார், இடம் எனக்குத் தெரியும்." முகத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். மொட்டைக் கிளைகளுக்கு நடுவே, உச்சியில் உடைந்த கோபுரத்தில் வெயில் விழுந்திருந்தது. எங்கள் கோட்டைகளை ஊரில் எல்லோரும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். அன்றைக்கு அவை இருந்த அழகு வேறு.

"மூணு," என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவளுக்கு வாசலில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. முகத்தைச் சாய்த்து அதையும் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"கிட்ட வா," என்று லெயோனியை அழைத்து, இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தாள். "இப்பத்தான் உனக்கு அளவா இருக்கு."