பதினேழாம் எண் வீட்டுச் சான்று

பதினேழாம் எண் வீட்டின் முன்னறை ஜன்னல் உள்பக்கமாக வேர்த்து, தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆல்மா தெருவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் கல்வீடுகளில் வேறெந்த ஜன்னலிலும் அந்த வேர்வை இல்லை. நெவில் தன் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே, மழைத்துடைப்பான் போய்ப் போய்த் திரும்புவதற்கு நடுவே அதைப் பார்த்தார். மணி மூன்றரைதான். டிசம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் அதற்குள் தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.

ஜன்னல் இப்படி வேர்த்தால், அறைக்குள் ஏதோ எரிகிறது, எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றுகிறது என்று அர்த்தம். முப்பத்தொரு வருடமாக வாடகை வீடுகளின் எரிவாயுவைச் சோதித்துச் சான்று எழுதுகிறவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த அறையில் எரிவதற்கு ஒன்றுமே கிடையாது. அங்கே குளிர் காய வைத்திருந்த கேஸ் கணப்பை ஐந்து வருடத்துக்கு முன்பே பிடுங்கி எறிந்துவிட்டார்கள்.

வீட்டுக்காரி பிரெண்டா முந்தின நாள்தான் போன் செய்திருந்தாள். "வழக்கமா வர்ற ஆளு ஏணியில இருந்து விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டான், நெவில். வெள்ளிக்கிழமையோட பழைய சான்று முடியுது. வருஷா வருஷம் குடுக்கலேன்னா என்னைத் தூக்கி உள்ள வச்சிருவாங்க. நீ வந்து பாத்துக் குடுத்துரு, ராசா. ஒரே ஒரு பாய்லர். அதுவும் புதுசு. நீ டீ குடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த வீடுதான்னு எனக்கும் தெரியும். உன் மேல ஒரு தப்பும் இல்லேன்னு அன்னிக்கே சொல்லிட்டாங்கல்ல?"

வருகிறேன் என்றார். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், அதுதான் காரணம்.

ஐந்து வருடத்துக்கு முன்பு, இதே மாதம், இதே வீட்டில் கிரெக் என்ற லாரி சுமைக்காரனும் அவனுடைய ஆறு வயது மகள் ஐவியும் குடியிருந்தார்கள். முன்னறையில் கேஸ் கணப்பு இருந்தது. அதைச் சோதிக்க ஒரு முறை உண்டு. கணப்பை ஏற்றி, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, அதன் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு புகைக்குச்சியைக் கொளுத்திப் பிடிக்க வேண்டும். புகை உள்ளே இழுபட்டால் புகைபோக்கி திறந்திருக்கிறது. முகத்துக்குத் திரும்பி வந்தால் அடைத்துக் கிடக்கிறது. அன்றைக்குக் கணப்புக்கு வெகு அருகே சோபாவை இழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஐவி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சுக்கு மூச்சு நெஞ்சில் ஒரு விசில் சத்தம்.

"எழுப்பிடாதீங்கண்ணே," என்றான் கிரெக். "ரெண்டு நாளா இருமி இருமிக் கண்ணே மூடல. இப்பதான் அசந்தா. போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு அது?"

போன வருடம் நன்றாகத்தான் இருந்தது. நெவிலுக்கு அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தபோது மனசு இளகிவிட்டது. சோம்பல் இல்லை, அவசரமும் இல்லை. பிள்ளை தூங்கட்டுமே என்றுதான் நினைத்தார். சமையலறைக்குப் போய், தாளில் 'புகை இழுவை' என்ற கட்டத்துக்கு எதிரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து, பனி கொட்டிய ஒரு ராத்திரியில், கணப்பு விடிய விடிய எரிந்தது. குழந்தை சோபாவிலும், தகப்பன் சோபாவுக்குப் பக்கத்தில் தரையிலுமாகக் கிடந்தார்கள். இரண்டு பேர் கன்னமும் ரோஜா நிறத்தில் இருந்ததாம். புகை வெளியே போகாமல் எரிவாயு எரியும்போது சேரும், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற நஞ்சு அப்படித்தான் செய்யும். அப்படிப்பட்ட அறையில் எச்சரிக்கை மணி வைக்க வேண்டும் என்ற விதி அப்போது வந்திருக்கவில்லை. புகைபோக்கிக்குள் பழைய காக்கைக் கூடு ஒன்று சரிந்து அடைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். நீங்கள் சோதித்த அன்று புகை இழுபட்டதா என்று விசாரணையில் கேட்டார்கள். இழுபட்டது என்றார். அப்படியானால் கூடு அதற்குப் பிறகு சரிந்திருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். வெளியே வந்தபோது கிரெக்கின் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் உங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தீர்கள் என்று அழுதாள். சோதிக்காமலே 'சரி' என்று எழுதியதை அவர் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். ரொட்டிக்கடைச் சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. பெயர் லீயன் என்றாள்.

"வாங்கண்ணே. சத்தம் போடாம வாங்க, முன்னறையில என் பொண்ணு மெய்சி தூங்குறா. காலை நல்லாத் துடைங்க, நேத்துதான் தரையைக் கழுவினேன். உங்க ஆளுங்க வந்துட்டுப் போனா வீடு ஆட்டுத் தொழுவம் மாதிரி ஆயிருது."

நடைவழி குறுகலாக இருந்தது. இடது கைப்பக்கம் முன்னறைக் கதவு, சாத்தியிருந்தது. அதைக் கடக்கும்போது வாசனை வந்தது. கோடை முழுக்கச் சும்மா கிடந்த கணப்பைக் குளிர்காலத்தில் முதல்முறை ஏற்றும்போது அதன் மேல் படிந்த தூசி கருகுமே, அந்த வாசனை. நெவில் நின்றார். பிறகு, தனக்குத்தான் ஏதோ தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தார்.

அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. அழுத்தம் சரி, கசிவு இல்லை, பாய்லரின் சுடர் நீலமாக நின்று எரிந்தது, புகைக்குழாய் நேராகச் சுவரைத் துளைத்து வெளியே போனது. எச்சரிக்கை மணியின் பொத்தானை அமுக்கினார், அலறியது. இடுப்பில் மாட்டியிருந்த நஞ்சு காட்டும் கருவியில் பூஜ்யம். லீயன் டீயைப் போட்டுக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். அவர் பேனாவைத் திறந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார்.

"மெய்சிக்கு எத்தனை வயசு?" சும்மாதான் கேட்டார்.

"மூணு. சரியான வாலு. மாடியில விட்டா கூரையைப் பிச்சிருவா. ஆனா முன்னறைக்குப் போனா மட்டும், என்னமோ தெரியல, சாஞ்ச உடனே தூங்கிருவா. பக்கத்து வீட்டுக்காரி, உனக்கு அதிர்ஷ்டம்டீங்கிறா." சிரித்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். "எனக்கும் அங்க உக்காந்தா தலையை வலிக்கும். ஞாயித்துக்கிழமை அவளை எழுப்ப அரை மணி நேரம் ஆச்சுண்ணே. பயந்தே போயிட்டேன். டாக்டர் சளிக்காய்ச்சல்ங்கிறார்."

பேனா கையெழுத்துக் கோட்டின் மேல் நின்றுவிட்டது. முன்னறையில் எரிவாயுச் சாமான் எதுவும் இல்லை. அவர் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. கையெழுத்தைப் போட்டு, தாளைக் கிழித்துக் கொடுத்து, வண்டியில் ஏறினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். போன தடவையும் கையெழுத்துப் போட்டபோது யாரும் கேட்கவில்லை.

பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். "அந்த ரூமையும் ஒரு தடவை பாத்துர்றேன்மா."

"அங்க ஒண்ணுமே இல்லையே."

"தெரியும்."

அறை கதகதவென்று இருந்தது. பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவர்த் தகட்டைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. திரைச்சீலை ஈரத்தில் கனத்துத் தொங்கியது. ஜன்னல் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தமும், எங்கேயோ மெதுவாக 'உஸ்' என்று எதுவோ எரியும் சத்தமும் கேட்டன. கணப்பு இருந்த இடத்தைப் பலகையால் அடைத்து வெள்ளை பூசி, காற்றுக்காக ஒரு சின்ன வலைத்தட்டி மட்டும் வைத்திருந்தார்கள். வலைத்தட்டிக்கு மேலே சுவரில் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. சோபா அதற்கு வெகு அருகே கிடந்தது.

"நான்தான் அப்பால தள்ளித் தள்ளிப் போடுறேன்," என்றாள் லீயன் கிசுகிசுப்பாக. "மெய்சிதான் இழுத்துட்டு வர்றாளோ என்னமோ. ஆனா அவளால எப்படி முடியும்?"

மெய்சி சோபாவில் ஒருக்களித்துக் கிடந்தாள். கருவியில் பூஜ்யம். மறுபடியும் பார்த்தார். பூஜ்யம்தான்.

நெவில் மண்டியிட்டார். மூன்றாவது தடவைதான் புகைக்குச்சி பற்றியது. வலைத்தட்டிக்கு முன்னால் பிடித்தார். புகை நேராக மேலே போனது. ஒரு நொடி. பிறகு வளைந்து அவர் முகத்துக்கு வந்தது. நின்றது. உள்ளே போனது. மறுபடியும் முகத்துக்கு வந்தது. காற்று அப்படி வராது. காற்றுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. வந்தது. போனது. வந்தது. சின்ன நெஞ்சு விடும் மூச்சு அது. ஒவ்வொரு முறை வரும்போதும் அதற்குள் மெலிதாக ஒரு விசில் சத்தம்.

"லீயன், புள்ளைய எழுப்பு."

"எதுக்குண்ணே? இப்பதான் அசந்தா, எழுப்பிடா..."

"எழுப்பும்மா! வெளியே தூக்கிட்டுப் போ!"

"உங்க மிஷின் ஒண்ணும் இல்லேன்னுதானே காட்டுது? மழையில எங்கே கொண்டுபோறது?"

அவளுக்கு எதைச் சொன்னால் புரியும்? கருவி பொய் சொல்கிறது என்றால் நம்புவாளா, புகை மூச்சு விடுகிறது என்றால் நம்புவாளா? சொல்வதற்கு அவரிடம் ஒன்றுதான் இருந்தது. ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாதது, விக்கி விக்கி வெளியே வந்தது.

"இதே எடத்துல ஒரு புள்ள தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்ப மனசு வரல எனக்கு. சோதிக்காமலே சரின்னு கையெழுத்துப் போட்டேன். அது செத்துப்போச்சும்மா. அவ அப்பனும் செத்தான். கோர்ட்டுல பொய் சொன்னேன். நான்தான் கொன்னேன். உன் புள்ளைய எடுத்துட்டு ஓடு."

லீயனின் முகம் வெளுத்தது. அவரைப் பார்த்து பயந்தாளோ, அறையைப் பார்த்து பயந்தாளோ. மெய்சியை வாரி எடுத்தாள். குழந்தையின் தலை துவண்டு சாய்ந்தது. கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. "மெய்சி! ஏய், மெய்சி! கண்ணைத் தொறடீ!" நடைவழியில் செருப்பில்லாத கால்கள் ஓடின. கதவு சுவரில் மோதியது. தெருவில் அவள் கத்தும் சத்தம். மழை. வேறு சத்தம் இல்லை.

நெவில் காது கொடுத்துக் காத்திருந்தார். கடவுளே, அழட்டும். அழட்டும்.

அழுதது. முதலில் ஒரு இருமல், அப்புறம் தெருவே கேட்கிற மாதிரி ஒரு வீறிடல். மூன்று வயதுக் கோபம் முழுவதும் அதில் இருந்தது. நெவில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இந்த ஒரு பிள்ளையாவது பிழைத்தது. இனி எங்கே வேண்டுமானாலும் போய் உண்மையைச் சொல்லலாம், எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுக்கட்டும் என்று நினைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார். கால் கனத்தது. தலைக்குள் ஒரு மந்தம். இடுப்பில் கருவி பூஜ்யம் காட்டியது.

சோபாவைப் பிடித்து எழலாம் என்று கையை நீட்டினார்.

கை ஒரு கம்பளியில் பட்டது. லீயன் மெய்சியைப் போர்த்தியிருந்ததோடு சேர்த்து வாரிக்கொண்டு போயிருந்தாள்; சோபா காலியாகத்தான் இருக்க வேண்டும். கம்பளிக்குள் சூடு இருந்தது. சின்ன முதுகு ஒன்று ஏறி இறங்கியது. விசில். நிறுத்தம். விசில்.

மழையில் ஈரமாகாத தலைமுடி. ஆறு வயது. ரோஜா நிறக் கன்னம்.

தரையில், சோபாவுக்கு அந்தப் பக்கம் யாரோ கிடந்தார்கள். அவர் அங்கே பார்க்கவில்லை.

"ஐவி," என்றார். குரல் எழும்பவில்லை. "ஐவி, கண்ணு. எந்திரிம்மா." தோளைத் தொட்டு அசைத்தார். "எந்திரி. நான் வந்துட்டேன். இப்ப எழுப்ப வந்துட்டேன். எந்திரி, கண்ணு, தயவு செஞ்சு எந்திரி."

வெளியே லீயன் அவர் பெயர் தெரியாமல், "அண்ணே! அண்ணே! வெளியே வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். குரல் தள்ளித் தள்ளிப் போனது.

அசைத்தார். மறுபடியும் அசைத்தார்.

தூக்கம் கலையாத பிள்ளைகள் செய்வதுபோல ஐவி லேசாக முனகினாள். பிறகு கண்ணைத் திறக்காமலே, சோபாவில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்தாள்.