முப்பது கட்டுரைகள் கேட்காத கேள்வி

கருத்துக்கணிப்பு நாளில் அமலோற்பவம் கிரைண்டரில் அரிசியைப் போட்டுவிடுவாள். அந்த இரைச்சலில் அடுப்படிப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்காது. எச்.ஐ.வி.யோடு தூத்துக்குடியில் முப்பத்தோரு வருடம் வாழ்ந்தவள். விஷயம் வெளியே தெரிந்து இரண்டு வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்டவள்.

மருந்து ஊசி போட்டுக்கொள்வோரிடம் கருத்துக் கேட்க வரும் கணிப்பு அலுவலர் டெல்பின் பலகைக்கணினியைத் திறந்தாள். உத்தியோகத்தின் பெயர்தான் பெரிது. எழுதிக் கொடுத்ததை வாசிப்பது மட்டுமே வேலை. எழுதுவது ‘திரட்டி’ என்னும் எந்திரம். உலகத்து ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் விழுங்கிவிட்டு, முப்பது கட்டுரைகளிலாவது வந்த கேள்வியை மட்டும் அது துப்பும். மனிதர் யோசித்த கேள்விக்கு ஆதாரம் இல்லையாம்.

“கேள்வி ஒம்பது. காத்திருப்பு அறையில் மின்விசிறி ஓடியதா? ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க.”

“எந்த அறையிலம்மா? ஆஸ்பத்திரிய மூடிப் பன்னெண்டு வருசமாச்சு.”

“கட்டுரையில அறை இருக்குக்கா.”

“அப்ப கட்டுரைக்கே போயி ஊசியப் போடு.”

டெல்பின் சிரிப்பை அடக்கிக்கொண்டு நான்கு போட்டாள்.

ஆறு மாதத்துக்கொருமுறை ஆளில்லாத மருந்தூர்தி ஊசி போட வாசலில் வந்து ஏழு நிமிடம் நிற்கும். தெருவைப் பொறுத்தவரை அது சர்க்கரை வியாதி வண்டி. அமலோற்பவம் கட்டிவிட்ட கதை அது. அதைக் காப்பாற்ற, பன்னிரண்டு கிறிஸ்துமசிலும் யார் வீட்டுப் பலகாரத்தையும் அவள் தொட்டதில்லை.

“இங்க பாரு. வண்டி வாசலுக்கு வர வேண்டாம். ஏலம் முடிஞ்சு ஆளு போன பெறவு மீன் ஏலக்கூடத்துல நிக்கட்டும், நான் போயிப் போட்டுக்கிடுதேன். அத எழுது.”

“எழுத எடமில்லக்கா. கேள்வி இருந்தாத்தான் பதில் போட முடியும்.”

“கேள்வி எப்ப வரும்?”

“முப்பது கட்டுரையில வந்தா.”

“கட்டுரை எழுதுறவனுக்கு யாரு சொல்லுவா?”

“இந்தக் கணிப்பப் பாத்துத்தான் எழுதுதாங்க.”

நாறிப்போன சாளை மீனைப் புதுசென்று விற்க வந்தவளைப் பார்ப்பதுபோல் அமலோற்பவம் அவளைப் பார்த்தாள். “இத்தன படிச்சதுல ஒருத்தனுக்குக்கூட கதவத் தட்டி ஒரு வார்த்த கேக்கத் தோணலயாக்கும்?”

டெல்பின் அடுத்ததற்குத் தாவினாள். “கேள்வி நாப்பது. பணியாளர் உங்களைப் பெயர் சொல்லி அன்போடு வரவேற்றாரா?”

“வண்டி வாயத் தொறக்காது. அது செய்யிற ஒரே உபகாரம் அதுதான். ஒண்ணு போடு.”

டெல்பினின் விரல் பாதியில் நின்றது. “ஒண்ணு போட்டா குறைன்னு திரட்டி எடுத்துக்கிடும். வண்டியப் பேச வச்சிரும்.”

“அப்ப அஞ்சு.”

“அஞ்சுன்னா புடிச்சிருக்குன்னு அர்த்தம். எல்லா வண்டியிலயும் அதச் செய்யச் சொல்லும்.”

“மூணு?”

“மூணுன்னா தெரியலன்னு எடுத்துக்கிட்டு, கட்டுரையில நெறயப் பேரு சொன்ன பதில அதுவே போட்டுரும்.”

“நெறயப் பேரு என்ன சொன்னாவளாம்?”

“பேரு சொல்லிக் கூப்பிட்டா சந்தோசம்னு.”

அமலோற்பவம் கிரைண்டரில் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். “சொல்லியிருப்பாவ. அந்தக் காலத்துல நர்சம்மா ‘வா அமலம்’னு சொன்னா எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நாலு சுவத்துக்குள்ள வச்சுச் சொன்னதால. சுவரு இருந்துச்சான்னு ஒருத்தனாவது கேட்டானா?”

டெல்பின் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். “கேக்கலக்கா.”

“கேள்விய விட்டுரு.”

“விட்டா கணிப்பு முடியாது. முடியலன்னா ஊசி வராது.”

“என்ன எழவையும் போட்டுத் தொலை.”

டெல்பின் மூன்று போட்டாள். திரை நன்றி சொன்னது.

ஆடி மாதம் ஒரு முற்பகலில் மருந்தூர்தி வந்தது. தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டது, தேன் தடவிய பெண் குரலில்: “அன்புள்ள அமலோற்பவம் அவர்களே, வணக்கம். உங்கள் எச்.ஐ.வி. மருந்து வந்திருக்கிறது.”

குழாயடிப் பேச்சு நின்றது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அதற்குப் பக்கத்து ஜன்னலும். வாசலில் நின்று வண்டி மறுபடி வணங்கியது. கட்டுரைகள் சொன்னபடியே, கொஞ்சமும் அன்பு குறையாமல், ஏழு நிமிடத்தில் எட்டு முறை.

பிறகு சக்கரம் உருளும் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஊசிக்காகச் சுருட்டிய ரவிக்கைக் கையை இறக்கிவிடாமல், தாழ்ப்பாளை இறுகப் பிடித்தபடி, அமலோற்பவம் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.