பெல்லுக்கு இது போதும்

செல்லை உருவிய பிறகும் சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற ஸ்டோர்கீப்பர் நாற்காலிமேல் நின்றபடி கையிலிருந்த செல்லைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். டிக், டிக். பட்டப்பகல் மூன்று மணி.

அவர் வீட்டில் எந்தச் செல்லும் லேசில் செத்துவிட முடியாது. புதிதாக வந்ததும் டார்ச்சில் உத்தியோகம். வெளிச்சம் மஞ்சளானால் டி.வி. ரிமோட்டுக்கு மாற்றல். தொடையில் நாலு தட்டு தட்டினால்தான் சேனல் மாறும் என்ற நிலை வந்தால் கடிகாரம். கடிகாரமும் தள்ளாடினால் கடைசிப் பதவி, மனைவியின் பெல். ஒவ்வொரு செல்லின் முதுகிலும் காகிதம் ஒட்டி, எங்கெங்கே வேலை பார்த்தது என்று பொடி எழுத்தில் குறித்துவைப்பார். எமனே வாசலில் வந்து நின்றாலும், "இதுல இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கு, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பக்கூடியவர்.

பக்கவாதத்தில் பேச்சுப் போன மனைவிக்கு அந்த பெல்தான் வாய். கட்டிலில் பொத்தான், ஹாலில் பெட்டி. மின்விசிறிக்கு ஒரு தரம், தண்ணீருக்கு இரண்டு, மூச்சு முட்டினால் விடாமல். "வாய் போனதுக்கப்புறம்தான் உங்கம்மா அதிகமா பேசறா" என்று மகளிடம் கிண்டலடிப்பார்.

போன மாதம் ஒரு மதியம், அவர் ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, அவள் போய்விட்டாள்.

"பெல்லே அடிக்கலம்மா. தூக்கத்துலயே போயிட்டா."

மகள் நம்பினாள். அவருக்கு மிச்சமிருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

இன்று அவள் அம்மாவின் அறையை ஒழிக்க வந்திருந்தாள். "அப்பா, அந்த பெல்லை நான் வச்சுக்கறேன். கழட்டி வைங்க."

பழைய செல்லை அவள் பார்ப்பதற்குள் மாற்றியாக வேண்டும். சட்டைப்பையில் புதுச் செல் இருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், கை சுவர்க் கடிகாரத்துக்குத்தான் போயிற்று. செத்தவள் பெல்லுக்குப் புதுசு எதற்கு? காகிதத்தைக் கிழித்துவிட்டால் போதும்.

நாற்காலியைவிட்டு இறங்கினார். மருந்தும் பினாயிலும் வியர்வையும் கலந்து, எத்தனை முறை கழுவியும் போகாத அந்த வாடை திடீரென்று கனத்தது. அறைக்குள் கட்டில் கிரீச்சிட்டது. மகள் துணி மடிக்கிறாள், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டார்.

"அப்பா, ரூம்ல யாரு?" மகளின் குரல். சமையலறையிலிருந்து.

அவர் பெட்டியைத் திறந்தார். பழைய செல் பச்சை பூத்துக் கிடந்தது. நகத்தால் நெம்பினார். கையில் விழுந்தது.

பெல் அடித்தது.

ஒரு தரம்.

இரண்டு தரம்.

பிறகு விடாமல்.

பெட்டி காலி. செல் உள்ளங்கையில். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். பெல்லைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தாள். காகிதத்தில் அவருடைய அழகான கையெழுத்து: டார்ச், ரிமோட், கடிகாரம், பெல்.

"அம்மாவுக்கு இதையா போட்டு வச்சிருந்தீங்க?"

அவர் விரல்களை மூடிக்கொண்டார்.

திறந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. விரிப்பு உருவிய மெத்தை. அதில் ஓர் உடலின் அளவுக்குப் பள்ளம். தலைமாட்டில் அந்த வெள்ளைப் பொத்தான், அடிவரை அமுங்கியபடி, நடுங்கிக்கொண்டிருந்தது.