பூங்கோதை வீட்டெதிரே முகர்கல்

காலை ஏழு மணிக்குப் பூங்கோதை கதவைத் திறந்தபோது தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு முகர்கல் நின்றிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அதன் சிவப்பு வளையத்துக்குச் சாயம் பூசியவளே அவள்தான். நேற்றுவரை அது வீட்டுக்குப் பின்னால் அரை மைல் தள்ளி, காட்டோரம் நின்ற கல்.

யானைச் சரணாலயத்தின் எல்லைக்கல் அது: முழங்கால் உயரம், அடியில் சக்கரம், உச்சியில் மோப்பம் பிடிக்கும் முகர்பொறி. ஓரிடத்தில் தொண்ணூறு நாள் யானைச் சாண வாசம் வந்தால் அந்த இடம் யானைக்குரியது என்று முடிவுகட்டி, அதையும் சரணாலயத்துக்குள் சேர்த்துக்கொண்டு கல் நகர்ந்துவிடும். உள்ளே மனிதர் குடியிருக்கக் கூடாது. முறையீடும் கிடையாது.

முறையீடு கூடாதென்று கையெழுத்து வாங்கித் திரிந்தது பூங்கோதையின் தன்னார்வலர் குழுதான். முன்பெல்லாம் அதிகாரிகள் போட்ட எல்லைக்கோடு, விடுதி கட்டுகிறவர்கள் கேட்ட பக்கமெல்லாம் வளைந்து கொடுத்தது. கல்லுக்கு வேண்டியவர் வேண்டாதவர் இல்லை. முதலில் உள்ளே போனது குட்டையோரம் ஆடு வளர்த்த மாரக்காவின் வீடு.

"ஆனை தண்ணி குடிக்க வரும், போயிரும். ஒண்ணாத்தானே இருந்தோம் அம்மிணி?" என்று கேட்டாள் மாரக்கா.

"கல்லு பொய் சொல்லாதுங்க்கா" என்றாள் பூங்கோதை அன்று.

இப்போது குழுவின் சென்னியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஏனுங்கக்கா, ராத்திரியோட ராத்திரியா நம்ம குழு ஒம்பது பேரு வீடும் உள்ள போயிருச்சுங்க. வேற ஒருத்தர் வீடும் போகலீங்க!"

பூங்கோதையின் பார்வை கொல்லை வாழைகளுக்குப் போனது. ஞாயிறுதோறும் கல்லைச் சுற்றிக் களை பறித்துவிட்டுத் திரும்பும்போது, வழியில் கிடக்கும் யானைச் சாணத்தைக் கோணிப்பையில் அள்ளிவந்து உரமாகப் போடுவது குழுவின் வழக்கம். ஊரிலேயே பெரிய தார்கள் அவர்கள் வீட்டில்தான்.

அடுத்த மாதம் மகள் பிரசவத்துக்கு வரவேண்டிய வீடு இது.

"தூக்கிக் காட்டுப் பக்கமே வெச்சிரலாங்களா?" என்றார் சென்னியப்பன்.

வைத்தார்கள். கைகழுவித் திரும்புவதற்குள் கல் பழையபடி எதிரே நின்றது. யார் நகர்த்தினாலும் திரும்பி வரவேண்டும் என்று கேட்டு வாங்கியதும் அவர்களே. உரத்தைச் சுரண்டி எடுத்தும் பார்த்தார்கள். ஆனால் கல் ஓரிடத்தைச் சேர்த்துக்கொள்ளத் தொண்ணூறு நாள் வாசம் போதும்; விட்டுக்கொடுக்க மூன்று வருடம் வாசமே இருக்கக் கூடாது.

மறுகுடியேற்றக் குடியிருப்பில் பூங்கோதைக்குக் கிடைத்தது ஒற்றை அறை, மாரக்காவுக்குப் பக்கத்தில். பேத்தி அங்கேதான் பிறந்தாள். ஒரு மாலை, தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தவளிடம் மாரக்கா வந்து உட்கார்ந்தாள்.

"ஆளில்லாத வாழைன்னு ஆனைக வந்து இறங்கிருச்சாமா. உன் கொல்லையிலயே ஒண்ணு குட்டி போட்டிருக்குதாமா."

பூங்கோதை தொட்டிலை நிறுத்தினாள். "அந்தக் கல்லு வந்து நின்னப்ப ஆனையே இல்லீங்களே மாரக்கா."

மாரக்கா தொட்டிலைத் தன் பக்கம் இழுத்து ஆட்டத் தொடங்கினாள்.

"கல்லு பொய் சொல்லாது அம்மிணி" என்றாள்.