இரண்டாவது சங்கு

குமுளிக்குப் பக்கத்து மலையில் ஓர் அணை நீர்த்தேக்கம் இருந்தது. அதன் நடுவே நீளமாக ஒரு தீவு. எழுபத்து நாலாம் வருஷத்துப் பொங்கல் லீவில், தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஓர் அப்பாவும் மகளும் அதைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அப்பா பெரியமுத்து. மகள் வேலுத்தாய்க்குப் பத்து வயது. இரண்டு பேருமே அதற்கு முன் படகில் கால் வைத்ததில்லை.

தீவில் இறங்கியதிலிருந்தே வேலுத்தாய்க்குப் பயம். படகுக்காரர் சுருளிவேல் சொன்னதுதான் காரணம். ஐந்து மணிக்குக் கடைசிப் படகு, ஹாரன் ஊதியதும் வந்துவிட வேண்டும், பொழுது சாய்ந்தால் யானைகள் நீந்தித் தீவுக்கு வந்துவிடும் என்று அவர் சாவகாசமாகச் சொன்னார். அப்பா சிரித்தார். வேலுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

கரையோரமாக ஒரு பாதை ஓடியது. அப்பா ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்தார். மகள் ஒவ்வொரு புதரையும் குனிந்து பார்த்தாள், பின்னால் தும்பிக்கை தெரிகிறதா என்று.

படகுத்துறையில் ஹாரன் ஊதியது.

“அப்பா, கூப்பிடுறாங்க. போவோம் வாங்க.”

பெரியமுத்து பாறைமேல் உட்கார்ந்து முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். “இது முதல் சங்குதான் தாயி. ரெண்டாவது ஊதட்டும்.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எஸ்டேட் ஃபாக்டரியில் காலையில் இரண்டு முறை சங்கு ஊதும். முதல் சங்குக்கு எழுந்து பல் தேய்க்கலாம், கட்டன் சாயா குடிக்கலாம். இரண்டாவது சங்குக்குத்தான் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆளை வேலைக்குப் பிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிய மனிதர், ஊரில் உள்ள எல்லாச் சங்கும் இரண்டு முறை ஊதும் என்று நம்பியிருந்தார்.

இரண்டாவது சங்கு ஊதவே இல்லை. டுபுடுபுவென்று மோட்டார் சத்தம்தான் வந்தது.

துறைக்கு ஓடினார்கள். படகு தீவின் இடது முனையைத் திரும்பிக்கொண்டிருந்தது. அப்பா துண்டை வீசி வீசிக் கத்தினார். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்?

செங்குத்துச் சரிவில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு அநாயாசமாக இறங்கும் அப்பா, இங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உங்கம்மாவுக்கு என்ன பதில் சொல்லுவேன் என்று முணுமுணுத்தார். பக்கவாட்டில் காட்டுக் கரையில் ஏதோ மரம் முறிந்தது. வேலுத்தாய் அப்பாவின் கையைப் பிடித்தாள்.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்கு உறுத்தியது. ஊர்க்கரை நேர் எதிரே இருக்கிறது. படகு ஏன் தீவைச் சுற்றிப் போகிறது?

“அப்பா, வரும்போது தீவுக்கு அந்தப் பக்கத்துத் துறையில வலையோட ரெண்டு பேரை இறக்கிவிட்டாருல்ல? அவங்களை ஏத்தத்தான் போறாரு. நாம குறுக்கால போயிருவோம்.”

“மூங்கில் காடு தாயி. வழி தெரியாதே.”

“பனி மூடினா ஃபாக்டரி மெஷின் சத்தத்தை வச்சுத்தானே பள்ளிக்கூடம் போறேன்? இங்க மோட்டார் சத்தம். இடது காதுல கேட்டுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்.”

இருவரும் காட்டுக்குள் நுழைந்தார்கள். பாதை பிரிந்த இடத்தில் அப்பா வலப்பக்கம் போனார். சத்தம் முதுகுக்குப் போனது. வேலுத்தாய் அவரை இழுத்துத் திருப்பினாள். முள் காலைக் கிழித்தது. யானைச் சாணம் ஒன்று வழியில் கிடந்தது. பழசா புதுசா என்று அவள் நின்று பார்க்கவில்லை.

திடீரென்று மோட்டார் நின்றது.

வேலுத்தாய்க்கு உயிரே போய்விட்டது. இனி எதை வைத்து நடப்பது? கண்ணை மூடி யோசித்தாள். சத்தம் நின்ற இடம்தானே துறை! கடைசியாகக் கேட்ட பக்கத்தைக் கை நீட்டிக் காட்டி, அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

மோட்டார் மறுபடி உறுமியபோது இருவரும் தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றார்கள்.

சுருளிவேல் திடுக்கிட்டுப் படகைத் திருப்பினார். “ஹாரன் ஊதினேனே அண்ணே, காதுல விழலையா?”

விழுந்தது, இரண்டாவதுக்காகக் காத்திருந்தோம் என்று பெரியமுத்து தலையைச் சொறிந்தார். சுருளிவேல் விழுந்து விழுந்து சிரித்தார். தலையை எண்ணாமல் கிளம்பியது தன் தப்பும்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

எஸ்டேட் லயத்து வரிசையில் தங்கள் வீட்டு வாசல் வந்ததும் அப்பா மெல்லக் குனிந்தார். “உங்கம்மாகிட்ட மூச்சு விட்டுறாத தாயி.” வேலுத்தாய் தலையாட்டினாள்.

மறுநாள் விடியற்காலையில் ஃபாக்டரியில் முதல் சங்கு ஊதியது. ஊதி முடிப்பதற்குள் பெரியமுத்து பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சாயா கூடக் குடிக்காமல் வாசலில் செருப்பைத் தேடினார்.

இன்றைக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று அம்மா கேட்டாள். வேலுத்தாய் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.