நாலு மணி அரக்கன்

செத்தவனின் பேன்ட் பையில் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

ஆறாவது தடவையாக.

எடுக்க ஆளில்லை...

மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறை அது. அட்டை வாள்கள். தெர்மோகோல் பாறைகள். பிளாஸ்டிக் மண்டை ஓடுகள். எல்லாவற்றுக்கும் நடுவில் மோகன் குப்புறக் கிடந்தான். பின்மண்டையிலிருந்து வழிந்த ரத்தம் மட்டும்தான் அந்த அறையில் நிஜம்.

கதவைத் திறந்த துப்புரவுப் பெண் ராஜம்மா அலறினாள்.

வெளியே ஷோ முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அலறலைக் கேட்ட சிலர், அதுவும் ஷோவில் சேர்த்தி என்று நினைத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

2013, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாலை மணி 4.40. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் இருக்கும் 'குதூகலம்' தீம் பார்க்.

ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் சரோஜா இறங்கினாள். நாற்பத்திரண்டு வயது. கொலைகாரர்களை அவளுக்குப் பிடிக்காது. கொலை நடந்த இடத்தில் செல்போனில் போட்டோ எடுப்பவர்களை அதைவிடப் பிடிக்காது. நாலு பேரின் போனைப் பிடுங்கிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"சொல்லுய்யா நாகப்பா."

ஏட்டு நாகப்பன் நோட்டைப் பிரித்தார். "பேரு மோகன், மேடம். இங்க நடக்குற ஸ்டேஜ் ஷோவுக்கெல்லாம் மேனேஜர். நாலு பத்துக்கு ஆபீசுக்குப் போன் பண்ணி மைக் ரிப்பேர்னு சொல்லிக்கீறாரு. அதுக்கப்புறம் ஆபீஸ்லேர்ந்து எத்தினி தபா கூப்ட்டும் எடுக்கல. நாலு நாப்பதுக்கு பாடி."

"எதுல அடிச்சிருக்கான்?"

"செட்டு போடுற இரும்புக் குழாய். துடைச்சு வெச்சிட்டுப் போயிருக்கான்."

"இந்தாளுக்கு யாரு கூடனா தகராறு?"

"நேத்து ஒரு தகராறு மேடம். 'அரக்கன் கோட்டை'ன்னு ஒரு ஷோ. அதுல அரக்கன் வேஷம் கட்ற தளவாய். அடுத்த மாசத்துலேர்ந்து நீ வேணாம்னு மோகன் சொல்லிட்டாராம். பார்க்குக்கே கேக்குற மாதிரி சத்தம்."

"அப்புறம் இன்னா? இட்டாந்து உக்கார வை."

நாகப்பன் நகரவில்லை. "ஒரு சிக்கல் கீது மேடம். ஷோ நாலு மணிக்கு ஆரம்பிச்சு நாலரைக்கு முடிஞ்சிது. அரை மணி நேரமும் அரக்கன் மேடையிலதான் நிப்பான். அறுநூறு பேரு பாத்துக்கினு இருந்திருக்காங்க."

சரோஜா உதட்டைக் கடித்தாள்.

தளவாய் அரக்கன் உடையிலேயே வந்தான். முகமூடியை அக்குளில் இடுக்கியிருந்தான். முப்பத்தெட்டு வயது. சினிமாவில் ஹீரோக்களிடம் அடி வாங்கிப் பழகிய உடம்பு.

"என்னை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம்."

"தெரியலியே."

அவன் முகம் சுருங்கியது. "மோகன் செத்தது வருத்தம்தான். ஆனா நான் மேடையில இருந்தேன். எனக்கு அறுநூறு சாட்சி இருக்கு. வேற யாரையாவது பாருங்க."

வேறு ஒருவனும் இருந்தான்.

பேச்சிராஜ். மேடைச் சாமான்களைத் தூக்கி வைக்கிற பையன். இருபத்துமூன்று வயது. ஊர் கோவில்பட்டி. சாமான் அறையின் சாவி அவனிடம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டான். சேரப்பணஞ்சேரியில் அவன் வாடகைக்கு இருந்த அறை பூட்டிக் கிடந்தது. போன் ஸ்விட்ச் ஆஃப்.

திங்கட்கிழமை காலை டி.எஸ்.பி. போனில் வந்தார்.

"சாவி அவன்கிட்ட. ஆளும் ஓடிட்டான். வேற என்னம்மா வேணும்? தூக்கிட்டு வந்து கேஸை முடி."

"சார், அவனுக்கும் மோகனுக்கும் எந்தத் தகராறும் இல்ல சார்."

"புடிச்சப்புறம் தகராறு தானா கிடைக்கும்."

லைன் கட்டானது.

சரோஜா ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் அதற்குள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறியிருந்தார்கள். அங்கே பேச்சிராஜின் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறாள். அப்பா இல்லை. கேட்க நாதி இல்லாத பையன். கேஸ் அவன் தலையில் உட்கார அதிக நேரம் பிடிக்காது...

"மேடம், இதப் பாருங்க." நாகப்பன் கம்ப்யூட்டரைத் திருப்பினார். "ஃபேஸ்புக்ல 'குதூகலம் ரசிகர்கள்'னு ஒரு குரூப். அந்த பார்க் ஷோவைப் பத்தி மட்டும் ரெண்டு வருஷமா அடிச்சிக்கிறாங்க."

"வேலையத்தவங்க."

"வேலைக்குப் போறவங்கதான் மேடம். ஷிப்ட் முடிஞ்சு வந்து அடிச்சிக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி தென்றல்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கறதப் படிங்க."

சரோஜா படித்தாள்.

'இன்னைக்கு நாலு மணி ஷோ பாத்தீங்களா? ரெண்டு வருஷத்துல மொத தடவை அரக்கன் அரக்கன் மாதிரி இருந்தான். அந்தாளுக்குத் திடீர்னு எங்கேர்ந்து நடிப்பு வந்துச்சு?'

இரண்டாவது தடவையும் படித்தாள்.

"இந்தப் பொண்ணு எங்க இருக்குதுய்யா?"

செவ்வாய் காலை பத்து மணி. ஸ்டேஷனில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் தென்றல். குன்றத்தூர்ப் பெண். செல்போன் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் வேலை. இன்னொன்றில் மாரிசெல்வம். சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனி. தென்றலின் வரிகளுக்குக் கீழே, 'கண் டாக்டரைப் பாக்கவும்' என்று எழுதியிருந்தவன்.

இரண்டு பேரிடமும் பார்க்கின் வருஷ பாஸ் இருந்தது. இரண்டு வருஷமாக ஃபேஸ்புக்கில் திட்டிக்கொண்டவர்கள் நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"நீதானா அது? போட்டோல வேற மாதிரி கீற," என்றாள் தென்றல்.

"நீங்க எழுத்துல இருக்க மாதிரியேதான் இருக்கிய," என்றான் மாரிசெல்வம்.

சரோஜா மேஜையைத் தட்டினாள். "ஞாயித்துக்கிழமை ஷோ. எப்படி இருந்துச்சு?"

"சூப்பர் மேடம்," என்றாள் தென்றல். "கோட்டை மேலேர்ந்து குதிச்சான் பாருங்க... முன்வரிசையில நாலு புள்ளைங்க அழுதுச்சுங்க. வழக்கமா அந்த சீன்ல பாப்கார்ன் விக்கிறவனுக்குத்தான் வியாபாரம் நடக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்," என்றான் மாரிசெல்வம். "அட்டைக் கோட்ட. பஞ்சு மெத்த. குரலு பூரா டேப்புல ஓடுது. அரக்கன் சிரிப்பு முடிஞ்ச பொறவுதான் அவன் தோளையே குலுக்குதான். சுத்தி நிக்க படைவீரன்லாம் வாரா வாரம் மாறுற கான்ட்ராக்ட் ஆளு. இதப் போயி சூப்பர்ங்காவ."

"நீ ஒலகத்துல எதைத்தான் நல்லாருக்குன்னு சொல்லிக்கீற?"

"நல்லா இருந்தா சொல்லுவேன்."

"அப்ப எதுக்குடா வாரா வாரம் போற?"

"எப்ப நல்லாருக்கும்னு பாக்கத்தான்."

"போதும்," என்றாள் சரோஜா. "ஞாயித்துக்கிழமை ஆடினது தளவாய்தானா?"



தென்றல்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மேடம், தளவாய் ஷோ முடிஞ்சதும் முன்னால வந்து மாஸ்க்கைக் கழட்டுவாரு. குனிஞ்சு கும்பிடுவாரு. கைதட்டல் ஓயுற வரைக்கும் உள்ள போக மாட்டாரு."

"ஓஞ்ச பொறவும் போவ மாட்டாரு," என்றான் மாரிசெல்வம்.

"ஞாயித்துக்கிழமை கழட்டல மேடம். தலையை ஆட்டிட்டு ஓடிட்டாரு."

"கழட்டாததுக்குத்தான் நானும் கைதட்டுனேன்."

சரோஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேஷம் தளவாயுடையது. உள்ளே இருந்தவன்...?

தினமும் இரண்டு ஷோ. இரண்டையும் பக்கவாட்டில் நின்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் மனப்பாடம் செய்த ஒரே ஆள்...

பேச்சிராஜ்.

"நாகப்பா," என்றாள் மெதுவாக. "அந்தப் பையன் கொலை பண்ணிட்டு ஓடல. மேடையில ஆடிட்டு, கீழ வந்து பாடியைப் பாத்துட்டு, தளவாய் எதுக்காக தன்னை ஆட விட்டான்னு புரிஞ்சு ஓடிருக்கான்."

"ப்ரூஃப், மேடம்? மாஸ்க்கைக் கழட்டலன்னு கோர்ட்ல சொன்னா சிரிப்பாங்க. கழுத்து வலின்னு தளவாய் சொல்லிட்டுப் போயிடுவான்."

சரோஜா எழுந்தாள். இரண்டு ரசிகர்களையும் வராந்தாவுக்கு அழைத்துப்போனாள். பத்து நிமிஷம் பேசினாள். மாரிசெல்வம் மட்டும் தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தளவாய் வந்தான்.

இஸ்திரி போட்ட சட்டை. கூலிங் கிளாஸ். "பேச்சிராஜைப் புடிச்சிட்டீங்களா மேடம்?"

"போயிருக்காங்க. உக்காருங்க. உங்க ரசிகர்ங்க ரெண்டு பேர் வந்திருக்காங்க."

தளவாய் முகத்தில் வெளிச்சம் வந்தது. கூலிங் கிளாஸைக் கழற்றினான்.

"ஒண்ணுமில்ல. ரிப்போர்ட்ல எழுதணும். நீங்க மேடையிலதான் இருந்தீங்கன்னு இவங்க பாத்துச் சொல்லிட்டா என் வேலை முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ஷோவோட வீடியோ. போடுய்யா நாகப்பா."

கம்ப்யூட்டர் திரையில் வீடியோ ஓடியது. யாரோ செல்போனில் எடுத்தது. ஆடியது. மங்கலாக இருந்தது. கோட்டை. புகை. அரக்கன் வாளோடு வந்தான்... குதித்தான்... உருண்டு எழுந்தான்.

"இதான் மேடம்," என்றாள் தென்றல். "இந்த ஷோதான். இவ்ளோ நாளா இந்த மாதிரி ஒருத்தனைத்தானே கேட்டுக்கினு இருந்தோம். அந்தக் குதியைப் பாருங்க."

தளவாய் தொண்டையைச் செருமினான்.

மாரிசெல்வம் கஷ்டப்பட்டு வாயைத் திறந்தான். "தேவலாம் மேடம். இதுக்கு முன்னாடி ஆடுனதெல்லாம் அரக்கன் இல்ல. கம்பெனி கேட்ல நிக்க செக்யூரிட்டி. இது பரவால்ல. வேற ஆளு மாதிரியே இருக்கு."

"மத்த நாளெல்லாம் குப்பை மேடம்," என்றாள் தென்றல். "இந்த ஒருநாள்தான் ஷோ."

தளவாயின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின. திரையில் அரக்கன் வாளைச் சுழற்றினான்.

"ஆஹா," என்றாள் தென்றல்.

"எதும்மா ஆஹா?"

தளவாய் எழுந்து நின்றிருந்தான்.

"இதாம்மா உனக்கு ஆட்டம்? குதிக்கும்போது முட்டி எப்படி மடங்குது பாரு. பயந்துகிட்டே குதிக்கிறான். வாளைப் புடிக்கிறது ஒட்டடைக்கம்பு புடிக்கிற மாதிரி இருக்கு. உடம்புல ஒரு உயிர் இருக்கா? அட்டைப்பெட்டி தூக்குற பயலுக்கு இவ்ளோதான் வரும். ரெண்டு வருஷமா உயிரைக் குடுத்து நான் ஆடினது குப்பை, ஒருநாள் வந்து இவன் ஆடினது..."

நின்றுவிட்டான்.



"யாரு வந்து ஆடினது?" என்றாள் சரோஜா.

தளவாய் உட்கார்ந்தான். "நான்... அது..."

"அட்டைப்பெட்டி தூக்குற பயன்னா பேச்சிராஜ்தானே? ஞாயித்துக்கிழமை மேடையில அவன் இருந்தான்னா, நாலே காலுக்கு நீ எங்கடா இருந்த?"

அவன் தரையைப் பார்த்தான்.

"காய்ச்சல்னு சொல்லி அவனை ஆட வெச்சேன்," என்றான் கடைசியில். "சனிக்கிழமை மோகன் என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சான் மேடம். போன்ல இவங்க எழுதினதையெல்லாம் படிச்சுக் காட்டினான். ஒண்ணு விடாம. ஒவ்வொண்ணுக்கும் சிரிச்சான். படிச்சு முடிச்சிட்டு, உன்னைப் பார்க்க எவன்டா காசு குடுப்பான்னு கேட்டான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

தென்றல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பையனை மிரட்டினியா?"

"மாஸ்க்ல உன் வேர்வைதான் இருக்கு, வாயைத் திறந்தா நீதான் உள்ள போவேன்னு சொன்னேன். ஓடிட்டான்."

நாகப்பன் கோவில்பட்டிக்குப் போன் போட்டார். பேச்சிராஜை பஸ் ஸ்டாண்டில் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். "பையனை அடிக்காதீங்கய்யா. சாட்சி அவன். டீ வாங்கிக் குடுத்து இட்டுக்கினு வாங்க," என்றார்.

கையில் விலங்கு மாட்டும்போது தளவாய் திரையைப் பார்த்தான். வீடியோ முதலிலிருந்து மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அவனை வெச்சு எடுத்த வீடியோ உங்களுக்கு எப்படி மேடம் கிடைச்சுது?"

"கிடைக்கல," என்றாள் சரோஜா. "ஞாயித்துக்கிழமை ஷோவை எடுத்தவங்க ஒருத்தரும் சிக்கல. இது பொங்கலுக்கு இந்தப் பொண்ணு எடுத்தது. அன்னிக்கு பேச்சிராஜ் லீவுல ஊர்ல இருந்தான்."

தளவாய்க்குப் புரியச் சில விநாடிகள் ஆயின.

திரையில் அரக்கன் குதித்தான். முட்டி மடங்கியது.

"அப்ப... அது..."

"நீதான்."

"நெசமாவே நானா மேடம்?"

நாகப்பன் அவனை இழுத்துக்கொண்டு போனார். வாசல் வரைக்கும் அவன் திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மாரிசெல்வம் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் மேடம், அவரும் நானும் ஒரே கட்சி."