கீழ்த்தட்டில் ஒரு மெழுகுவர்த்தி

இலிங்காவின் வாயில் ஆரஞ்சு மணம் அடித்தது.

காய்ச்சல் இருக்கிறதா என்று மகளின் நெற்றியில் கன்னத்தை வைத்துப் பார்க்கக் குனிந்தபோதுதான் ஸ்மரண்டாவுக்கு அது தெரிந்தது. வெறும் ஆரஞ்சு இல்லை. கசப்புச் சாக்லேட்டும் சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் கலந்த மணம். அதை அன்று மத்தியானம்தான் அவள் முகர்ந்திருந்தாள். இத்தாலியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைப்பையிலிருந்து அந்தச் சாக்லேட்டை எடுத்து, தாளைப் பிரித்து, கீழூர்ச் சந்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

"யாருடி குடுத்தா?"

"யாரும் குடுக்கலம்மா. வாய்க்குள்ளயே வந்துச்சு."

கீழ்வீட்டு வெட்டா அக்காதான் பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்பவள். அவளைக் கேட்டால் அடிக்க வராத குறை. "எங்க வீட்ல ஏதுடி சாக்லேட்டு? மக்காச்சோளக் களி கிண்டிப் பாலும் ஊத்திக் குடுத்தேன். உன் மகாராணி அதைத் தொட்டாத்தானே! வாசப்படி தாண்டல, சத்தியமாச் சொல்றேன்."

ஸ்மரண்டா சிரித்து மழுப்பினாள். எங்கேயாவது பழைய துண்டு கிடந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள். ஆனால் தலையணையில் அந்த மணம் விடியும்வரை இருந்தது.

ருமேனியாவின் சிபியு நகரத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். பெரிய சதுக்கம், மணிக்கூண்டு, பொய்யர் பாலம் என்று கூட்டம் பின்னால் வரும். கடைசியில் கூரைக் கண்கள். இந்த ஊர் ஓட்டுக் கூரைகளில் பரணுக்குக் காற்றுப் போக வைத்த சின்னச் சன்னல்கள் பாதி மூடிய இமை போலவே இருக்கும். தெருவில் போகிறவர்களை வீடுகளே பார்ப்பது போலிருக்கும். வழிகாட்டிகள் எல்லோரும் அதைக் காட்டினார்கள், எல்லோரும் அதே நான்கு வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஸ்மரண்டாவுக்கு அது போதவில்லை. ஒரு வசந்த காலத்துச் சாயங்காலம், கூட்டம் கொட்டாவி விடுவதைப் பார்த்து, கீழூர்ச் சந்தின் பூட்டிய வீட்டைக் காட்டி ஒரு கதையை அவிழ்த்துவிட்டாள். கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு சின்னப் பெண்ணை இந்த வீட்டுப் பரணில் ஒளித்து வைத்தார்களாம். ஒளித்தவர்கள் எல்லோரும் செத்துப்போனார்களாம். அவளுக்குச் சோறு கொண்டுபோக யாருமில்லையாம். அந்தக் கண் வழியாக அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், யாராவது ஏதாவது கொண்டுவருவார்களா என்று.

"அவள் பெயர் என்ன?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

பெயர் எதுவும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. நாளெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கில் பழகிய பெயர்தான் வந்தது. இலிங்கா.

கூட்டம் அழுதது. அந்தக் குழந்தைக்காக ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டது. ஸ்மரண்டா அவர்களைக் கிறிஸ்தவக் கோயில் முற்றத்துக்குக் கூட்டிப்போய், மணல் பரப்பிய மெழுகுவர்த்தித் தட்டுகளைக் காட்டினாள். மேல்தட்டு உயிரோடிருப்பவர்களுக்கு. கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. பெயரைச் சொல்லிக் கீழே ஏற்றுங்கள், தின்பண்டம் ஏதாவது அவள் பெயரால் அந்த வீட்டு வாசற்படியில் வையுங்கள், அது அவளுக்குப் போய்ச் சேரும் என்றாள். இந்த ஊரில் பிறந்த எவரும் உயிரோடிருக்கும் ஒருவர் பெயரைச் சொல்லிக் கீழ்த்தட்டில் ஏற்ற மாட்டார்கள். தெரியாமல் கை நீட்டிய பிள்ளைகளுக்குக் கையிலேயே அடி விழும். ஸ்மரண்டாவும் அந்த அடியை வாங்கியவள்தான். ஆனால் இது கதைப்பெண்தானே, இல்லாத பெண்ணுக்கு என்ன வந்துவிடும் என்று நினைத்தாள்.

சக வழிகாட்டி ஹொரியாதான் முதலில் கிண்டலடித்தான். "பெத்த பொண்ணு பேரையே பேய்க்கு வச்சுட்டியே, உனக்கு நெஞ்சழுத்தம்தான் தாயே. ஆனா பேரு நல்லா எடுபடுது. நானும் என் கூட்டத்துக்கு அதையே சொல்றேன், கோச்சுக்காத."

கோடை முடிவதற்குள் ஊரில் எல்லா வழிகாட்டிகளும் அதையே சொன்னார்கள்.

சாக்லேட்டுக்குப் பிறகு சிவப்புக் கம்பளிக் கையுறை. பனி பெய்யத் தொடங்கிய ஒரு பகலில் யாரோ அதை வாசற்படியில் வைத்ததை ஸ்மரண்டா கண்ணால் பார்த்தாள். பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தால், இலிங்கா அதை மாட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஸ்மரண்டா கையுறையைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். மறுநாள் அது மறுபடி குழந்தையின் கையில் இருந்தது, புகை வாசம்கூட இல்லாமல்.

வீட்டில் வைத்த எதையும் இலிங்கா தின்னவில்லை. சூப்பை வாயில் வைத்ததும் துப்பினாள். "மண்ணு மாதிரி இருக்கும்மா." அவள் தலைமுடியில் தேன்மெழுகு வாடை வந்தது. எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டினாலும் போகவில்லை. டாக்டர் மார்பில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். நகர்த்தி வைத்துக் கேட்டார். பிறகு அதன் முனையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ரிப்பேர் போல, வேற வாங்கணும்" என்று முனகினார்.

கிறிஸ்துமஸ் சந்தை தொடங்கியது. சதுக்கம் முழுக்க விளக்கு, மசாலா ஒயின் வாசனை, எங்கெங்கிருந்தோ வந்த ஜனம். பூட்டிய வீட்டு வாசலில் இஞ்சி பிஸ்கட்டும் பொம்மையும் குவிந்தன. இலிங்கா கன்னம் உப்பி, சிவந்து, நாளெல்லாம் மென்றுகொண்டே இருந்தாள்.

ஸ்மரண்டா ஒருநாள் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு முன்னால் கத்தினாள். பொய், எல்லாம் நான் கட்டிய பொய், என் மகள் உயிரோடிருக்கிறாள், வீட்டில் இருக்கிறாள், தயவுசெய்து ஏற்றாதீர்கள். கூட்டம் கைதட்டியது. நடிப்பு அபாரம் என்று ஒருவர் அவள் தோளைத் தட்டினார்.

அன்று கோயில் முற்றத்துக்கு ஓடினாள். கீழ்த்தட்டில் எரிந்த மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மகள் பெயரைச் சொல்லி மேல்தட்டில் நட்டாள். நட்டதும் அணைந்தது. அடுத்ததும். அடுத்ததும். காற்றே இல்லை. பக்கத்தில் மற்றவர்கள் ஏற்றிய சுடர்கள் ஆடாமல் நின்றன.

சந்தையைப் பிரித்தார்கள். விளக்குகளைக் கழற்றினார்கள். ஜனவரி மூடுபனி வந்து கூரைகளை மூடியது, ஊருக்கு ஜனம் வருவது நின்றது. வாசற்படியில் பனி மட்டும் கிடந்தது.

இலிங்கா இளைத்தாள்.

கன்னம் ஒட்டியது. மணிக்கட்டு குச்சியானது. ஸ்மரண்டா களி கிண்டினாள், முட்டை பொரித்தாள், ரொட்டியைத் தேனில் நனைத்து வாயில் திணித்தாள். எல்லாம் வெளியே வந்தது. ஆரஞ்சுச் சாக்லேட்டைத் தேடி வாங்கி வந்தாள். அதுவும் வந்தது.

"பசிக்குதும்மா."

"என்ன வேணும் சொல்லுடி கண்ணு. எது வேணும்னாலும் வாங்கித் தரேன்."

"எல்லாரும் குடுத்தாங்க. நீ மட்டும்தான் குடுக்கல."

"நான்தானேடி தினமும் குடுக்கறேன்?"

இலிங்கா தலையை மெல்ல ஆட்டினாள். "அப்படி இல்ல. அவங்க குடுத்த மாதிரி."

ஸ்மரண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாட்டேன் என்றாள். மாட்டவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் குழந்தையால் தலையைத் தூக்க முடியவில்லை. அழக்கூட முடியவில்லை. உதடு மட்டும் எதையோ மெல்வது போல அசைந்தது. பெற்ற வயிறு எவ்வளவு நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்?

பொழுது மங்கும் நேரம் அவள் கோயில் முற்றத்தில் நின்றாள். யாருமில்லை. கை தானாக மேல்தட்டுக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். குனிந்தாள். கீழ்த்தட்டு மணலில் மெழுகுவர்த்தியை நட்டு ஏற்றினாள்.

"இலிங்கா," என்றாள். "என் மக இலிங்கா."

சுடர் நிமிர்ந்து நின்றது.

முனைக் கடையில் உப்புத் தூவிய வளைய ரொட்டி சூடாக வாங்கினாள். ஊர் வழக்கப்படி இறந்தவர் பெயரால் கொடுப்பதை அக்கம்பக்கத்தார் கையில்தான் கொடுக்க வேண்டும், ஒரு மெழுகுவர்த்தியோடு. வெட்டா அக்கா கதவைத் திறந்தாள். அவளிடம் என்ன சொல்வது, செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஸ்மரண்டா வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ரொட்டியையும் மெழுகுவர்த்தியையும் நீட்டினாள்.

யாருக்கு என்று வெட்டா அக்கா கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சிலுவைக் குறி போட்டாள்.

"ஆண்டவர் நம்ம இலிங்காவை மன்னிக்கட்டும்," என்றாள். கண் கலங்கியிருந்தது. "குடுக்க உனக்கு இப்பத்தான் மனசு வந்துச்சாம்மா? நானும் எத்தனை நாளாச் சொல்லிட்டிருக்கேன். பாவம், பிஞ்சு."

"அக்கா... அவ மேல இருக்கா. காலைலகூட நீங்கதான் போர்வை..."

வெட்டா அக்கா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மேலே ரொட்டியின் மொறுமொறுப்பான தோல் உடையும் சத்தம் கேட்டது.

வெட்டா அக்கா காதில் அது விழவில்லை. ஸ்மரண்டா அண்ணாந்து பார்த்தாள். மாடிப்படியின் உச்சியில், சிவப்புக் கையுறை மாட்டிய கைகளை முழங்காலில் வைத்து, இலிங்கா உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. உதட்டில் உப்பு மின்னியது. அந்தக் குளிர்ந்த நடைவழியில் வெட்டா அக்காவின் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. ஸ்மரண்டாவின் மூச்சும் புகைந்தது.

குழந்தை வாயை அகலத் திறந்தாள். அதிலிருந்து புகை வரவில்லை.

"இன்னும் வேணும்மா," என்றாள்.